சின்ன ரயில் கேள்வி பதில்: கடலோரத்தில் நின்றுபோன ஸ்டேஷன்

போன இதழில் காவிரி டெல்டாவின் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) கிளைப்பாதைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாதி அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை இன்ஜின் ரிப்பேர், மோட்டார் சூடாவது எல்லாம் அடுத்த இதழுக்கு. இப்போது பழைய ஸ்டேஷனைச் சின்ன மாதிரியாகச் செய்வது மட்டும்.

கேள்வி: நான் செம்பனார்கோயில் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். மாயவரம்–தரங்கம்பாடி ரயிலில் என் அப்பா வேலைக்குப் போய் வந்தவர். தரங்கம்பாடி ஸ்டேஷனை அப்படியே சின்னதாகச் செய்து பார்க்க ஆசை. கையில் இருப்பது ஒரே ஒரு மங்கிய கறுப்பு வெள்ளைப் படம். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

முதலில் ஒரு வருஷத்தைப் பிடியுங்கள். கட்டடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாதை 1926-இல் திறந்தது, 1986-இல் நின்றது. இந்த 60 வருஷத்தில் எந்த வருஷத்து ஸ்டேஷன் உங்களுக்கு வேண்டும்? ஆரம்பத்தில் அது சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனியின் ஸ்டேஷன், 1951 ஏப்ரலுக்குப் பிறகு தெற்கு ரயில்வேயின் ஸ்டேஷன். அந்தப் பக்கம் ரயில் புறப்படும் ஊருக்கே 1982-இல்தான் மாயவரம் போய் மயிலாடுதுறை என்று பெயர் வந்தது. ஆக, 1970-இல் நடப்பதாகச் செய்யும் மாதிரியில் பெட்டியின் பலகையிலோ கால அட்டவணையிலோ மயிலாடுதுறை என்று எழுதிவிட்டால், தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், நீங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த ஜன்னல் கம்பியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்த மங்கிய படத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். பெட்டியில் மூன்றாம் வகுப்புக்கான எண் தெரிந்தால் அது 1974-க்கு முந்தைய படம், அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்பை எடுத்தார்கள். சுவரில் கட்டணப் பலகை இருந்து அதில் அணா கணக்கு இருந்தால் 1957-க்கு முந்தையது. பெயர்ப்பலகையில் இந்தி எழுத்து இருக்கிறதா, இருந்தால் அதன்மேல் தார் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பெரியார் 1952-இல் தொடங்கிய தார் பூசும் போராட்டத்திலிருந்து அறுபதுகள் வரைக்கும் தமிழ்நாட்டின் பல ஸ்டேஷன் பலகைகள் அந்தக் கோலத்தில் இருந்தன. உங்கள் படத்தில் தார் இருந்தால் மாதிரியிலும் கட்டாயம் வையுங்கள், அழகுக்காக அழித்துவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால் 1967-லிருந்து 1972-க்குள் ஒரு வருஷத்தை எடுங்கள் என்பேன். ஒரு காரணம் அடுத்த பதிலில் வருகிறது. இன்னொன்று, அந்த நாளில் பெரியவர்களாகவோ பள்ளிப் பிள்ளைகளாகவோ அங்கே ரயிலேறியவர்கள் இன்னும் பேசக் கிடைக்கிறார்கள். மீட்டர்கேஜில் நீராவி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலமும் அதுதான். இன்ஜின் எது என்று படத்தில் தெரிந்தால் நம்பரின் முன்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஒய் என்றால் மீட்டர்கேஜ். ஒய்.பி. பயணி வண்டிக்கு, ஒய்.ஜி. சரக்குக்கு, ஒய்.எல். எடை தாங்காத கிளைப்பாதைக்கு என்று செய்த சின்ன இன்ஜின். மூன்றுக்கும் சக்கர வரிசை வேறு, அதனால் நம்பர் தெரியாவிட்டாலும் சக்கரத்தை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. ஸ்டேஷன் என்றதும் எல்லோரும் கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். பாதை முடியும் ஸ்டேஷனில் கட்டடத்தை விடச் சுவாரசியம் தண்டவாளத்தில் இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் இன்ஜின், தண்டவாளம் முடியும் முட்டுக்கட்டைப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி, பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, வண்டியின் மறுமுனையில் மாட்டினால்தான் திரும்பிப் போக முடியும். இன்ஜினைத் திருப்ப வட்ட மேடை இருந்ததா, அல்லது பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்களா? தண்ணீர்த் தொட்டி எங்கே, சாம்பல் கொட்டும் குழி எங்கே? கூட்ஸ் மேடை எந்தப் பக்கம், மாட்டு வண்டி அதுவரைக்கும் எப்படி வந்தது? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் கட்டடத்தில் ஒரு ஜன்னல் கூடக் குறைய இருந்தாலும் ஸ்டேஷன் உயிரோடு இருக்கும். இது தெரியாமல் கட்டடத்தை மட்டும் செய்தால் அது கொலு பொம்மை.

கேள்வி: பூர்வீகம் பொறையாறு, இப்போது சென்னையில் வேலை. பழைய ஸ்டேஷன் வரைபடம் எங்கேயாவது கிடைக்குமா? ரயில்வேயில் கேட்டால் தருவார்களா, இல்லை அலைய விடுவார்களா?

கேட்டுப் பார்க்க 10 ரூபாய்தான் செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளி கோட்டத்துக்கு விண்ணப்பம் போடலாம், ஆன்லைனிலேயே போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் "தரங்கம்பாடி ஸ்டேஷன் பற்றிய எல்லா விவரமும் தேவை" என்று எழுதினால் "விவரம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்டேஷன் யார்டு (தண்டவாளங்கள் பிரிந்து விரியும் வளாகம்) வரைபடம், கட்டடத் தரைப்படம், பாதையை மூடியபோது எடுத்த சொத்துப் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பழைய நீலத்தாள் வரைபடம் (புளூபிரிண்ட்) நகலெடுக்கும் நிலையில் இல்லாவிட்டாலும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

அது வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். தாலுகா அலுவலக வழி ஒன்று இருக்கிறது, மாதிரி செய்பவர்கள் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஊர்ப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) எடுங்கள், இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. அதில் ரயில்வே நிலம் தனி சர்வே எண்ணில் நீளமான பட்டையாக ஓடும். தண்டவாளம் அதில் தெரியாது, எல்லைதான் தெரியும். ஆனால் அந்தப் பட்டை ஒல்லியாக வந்துகொண்டே இருந்து ஓரிடத்தில் அகலமாகும், கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒடுங்கும் அல்லது முடிந்துவிடும். அந்த அகலமான துண்டுதான் ஸ்டேஷன் யார்டு. அதன் நீளம் உங்கள் மேஜையின் நீளத்தைச் சொல்லிவிடும். பழைய புலப்படம் கையில் கிடைத்தால் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்.

இப்போது 1967–1972 என்று முன்னால் சொன்னதற்குக் காரணம். அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பி உலகம் முழுக்கப் படம் பிடித்தது. (அந்தக் கொரோனா வேறு, பயப்பட வேண்டாம்.) அந்தப் படங்களை 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் இடத்தைக் குறித்துத் தேடலாம். 1967-க்குப் பிறகு போன கேமராக்களில் தரையில் சுமார் 6 அடி அளவு வரை பிரித்துப் பார்க்க முடியும். தனித்தனித் தண்டவாளம் தெரியாது. ஆனால் பாதை மண்மேடு, கட்டடத்தின் கூரை, கூட்ஸ் மேடை, இன்ஜின் திருப்பும் வட்டம் இருந்தால் அதன் குழி, இதெல்லாம் தெரிய வாய்ப்பு உண்டு. நிழலின் நீளத்தையும் படம் எடுத்த நேரத்தையும் வைத்துக் கட்டடத்தின் உயரத்தைக் கூடக் கணக்குப் போடலாம். மேகமில்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். நம் கடற்கரைக்கு ஐப்பசி, கார்த்திகை மாதப் படங்களை ஒதுக்கிவிடுவது நல்லது.

காகிதம் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மயிலாடுதுறை மாவட்டம் 2020-இல் வந்தது, அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம், 1991-க்கு முன் எல்லாமே தஞ்சாவூர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் மயிலாடுதுறை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. தஞ்சாவூர் ஜில்லா என்று தேடுங்கள், ஊர்ப் பெயரை டிராங்குபார் என்று ஆங்கிலேயர் எழுதிய எழுத்தில் தேடுங்கள். ரயில்வே கோப்புகளோடு நிறுத்தாமல் ஜில்லா போர்டு (அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) கோப்புகளையும் கேளுங்கள். இந்தப் பகுதியில் ரயில் போடுவதில் தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குப் பெரிய பங்கு உண்டு, 1894-இல் திறந்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதையே நிலவரியோடு சேர்த்து வசூலித்த பணத்தில் போர்டு போட்டதுதான். எந்த ஊரில் ஸ்டேஷன் வேண்டும், எந்த மிராசுதார் நிலத்தைக் கொடுக்க மறுத்தார் என்கிற மாதிரி சண்டையெல்லாம் போர்டு கோப்பில்தான் இருக்கும், ரயில்வே வரைபடத்தில் இருக்காது.

இடத்துக்கு நேரில் போகும்போது ஒரு விஷயம். ரயில் ஓடாவிட்டாலும் நிலம் ரயில்வேயுடையது, அனுமதியில்லாமல் நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் குற்றம். எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். போனால் நட்டுவைத்திருக்கும் பழைய தண்டவாளத் துண்டுகளைத் தேடுங்கள். வேலிக் கால், விளக்குக் கம்பம், கேட் தூண், கூரை தாங்கும் உத்திரம் என்று தேய்ந்த தண்டவாளத்தை ரயில்வே எதற்கும் பயன்படுத்தும். தண்டவாளத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் ஒல்லியான இடுப்புப் பகுதியில் துருவைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள், புடைப்பெழுத்தில் உருக்காலையின் பெயரும் வருஷமும் பல சமயம் எடைக் குறிப்பும் இருக்கும். கம்பம் 1926-க்கு முந்தையதாக இருக்கலாம், வேறு பாதையில் உழைத்துத் தேய்ந்து வந்த தண்டவாளமாக இருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவில் சரியாக வராது.

கேள்வி: எந்த அளவில் செய்வது நல்லது? கடையில் எச்.ஓ. தண்டவாளம் கிடைக்கிறது. அதை வாங்கிவிடலாமா? (கும்பகோணத்திலிருந்து, மாடியில் ஒரு சின்ன அறை மட்டும் இருப்பவர்.)

வாங்க வேண்டாம். எச்.ஓ. என்றால் நிஜத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1:87 அளவு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., அது ஐரோப்பாவின் பாதை, நம் சென்னை மெட்ரோவின் பாதை. நம் அகலப்பாதை 1676, மீட்டர்கேஜ் 1000. இரண்டுக்கும் அது சேராது. மீட்டர்கேஜுக்கு 1:87 அளவில் 11.5 மி.மீ. வர வேண்டும், ஸ்விட்சர்லாந்து மலைப்பாதை மாதிரிகளுக்காக 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள், அந்த அரை மில்லிமீட்டரை யாரும் கவனிக்க மாட்டார்கள். 1:160 அளவென்றால் 6.25 வர வேண்டும், 6.5 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது.

ஆனால் ஸ்லீப்பர் கட்டையைப் பாருங்கள். நம் மீட்டர்கேஜ் மரக்கட்டை 6 அடி நீளம், 8 அங்குல அகலம். 1:87-இல் அது 21 மி.மீ. நீளம், 2 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான அகலம். வெளிநாட்டுத் தண்டவாளத்தில் கட்டையின் நீளமும் இடைவெளியும் வேறாக இருக்கும், பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்ன என்று சொல்லத் தெரியாது. வண்டி ஓட வேண்டாம், பார்வைக்கு மட்டும் என்றால் கட்டையை நீங்களே வெட்டி ஒட்டி, மேலே தண்டவாளத்தை வைப்பதே மேல்.

சின்ன அறை என்கிறீர்கள். 300 மீட்டர் யார்டு 1:87-இல் 3.45 மீட்டர், அதாவது பதினொரு அடிக்கு மேல். 1:160-இல் 1.9 மீட்டர், ஒரு கட்டில் நீளம். முழு யார்டும் வேண்டும், வண்டி சுற்றி வர வேண்டும் என்றால் 1:160. கட்டடமும் மேடையும் அதன் முன் ஒரு பெட்டியும் போதும் என்றால் 1:50-க்குப் போங்கள், அங்கே கதவின் தாழ்ப்பாள் வரைக்கும் செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பதுதான் கூடாது. இன்ஜின் ரெடிமேடாகக் கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், இந்திய மீட்டர்கேஜ் வண்டிகளைப் பெரும்பாலும் நாமே செய்ய வேண்டும் அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும்.

மீட்டர்கேஜைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதை இன்றும் மீட்டர்கேஜ்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் இருக்கும், குன்னூருக்கு மேலே ஊட்டி வரை இருக்காது. அந்த மேல் பகுதி ஸ்டேஷன்களில் நின்று பாருங்கள், பாதை எவ்வளவு குறுகல் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் ஓட்டுக்கூரை என்கிறார், இன்னொருவர் மாடி டெரஸ் என்கிறார். யாரை நம்புவது? (மன்னார்குடி)

இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். கட்டடம் டெரஸ், மேடைத் தாழ்வாரம் ஓடு. அல்லது ஒருவர் நினைவில் இருப்பது பக்கத்து ஸ்டேஷன். கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். "ஸ்டேஷன் எப்படி இருந்தது?" என்று கேட்டால் அவர்கள் படத்தில் பார்த்ததைச் சொல்வார்கள். "டிக்கெட் வாங்க எந்தப் பக்கம் திரும்பி நிற்பீங்க? வெயில் முதுகில் அடிக்குமா, முகத்திலா? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீங்க? மீன் கூடை எந்தப் பெட்டியில் ஏறும்? வண்டியிலிருந்து குதிச்சா காலில் மண்ணா, கல்லா?" இப்படிக் கேட்டால் உடம்பு ஞாபகம் வைத்திருப்பது வெளியே வரும். மேடை எவ்வளவு உயரம் என்று சென்டிமீட்டரில் எந்தப் பாட்டிக்கும் தெரியாது, பெட்டியில் ஏற யார் கை கொடுத்தார்கள் என்று தெரியும்.

உங்களிடமிருக்கும் போட்டோவை முதலில் காட்டிவிடாதீர்கள், பேசி முடித்த பிறகு காட்டுங்கள். ஒரே திண்ணையில் நான்கு பேரை உட்காரவைத்துக் கேட்காதீர்கள், குரல் பெரியவர் சொன்னதே முடிவாகிவிடும். அப்புறம் கல்யாண ஆல்பம் கேளுங்கள். மாப்பிள்ளையை வரவேற்கப் போன படம், பட்டாளத்துக்கு வழியனுப்பிய படம், இதிலெல்லாம் ஆட்களுக்குப் பின்னால் ஸ்டேஷன் நிற்கும். பழைய அட்டை டிக்கெட் யாராவது வைத்திருந்தால் அதிர்ஷ்டம். 57 மி.மீ.க்கு 30 மி.மீ., தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், அதில் ஊர்ப் பெயர், கட்டணம், வகுப்பு எல்லாம் இருக்கும், தேதி குத்தியிருக்கும்.

போட்டோவில் அளவு எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தண்டவாளம் படத்தில் நேராகத் தெரிந்தால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மி.மீ. என்பது நிச்சயம், அதே தூரத்தில் இருக்கும் மற்றவற்றை அதை வைத்து அளக்கலாம். சுவர் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் வரிசையை எண்ணுங்கள். இடத்தில் போய் பத்து வரிசையின் உயரத்தை டேப்பில் அளந்துகொண்டால் படத்தில் எண்ணிய வரிசையைப் பெருக்கிச் சுவர் உயரம் கிடைத்துவிடும். இன்றைய செங்கல் அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், நம் பக்கத்துப் பழைய செங்கல் தட்டையானது.

கேள்வி: எதில் செய்வது? ஃபோம் போர்டு வளைந்துவிடுகிறது. (தஞ்சாவூர்)

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு ஃபோம் போர்டா? உங்கள் ஊரிலேயே நெட்டி இருக்கிறது. ஏரி குளங்களில் வளரும் செடியின் தண்டைக் காயவைத்து, மேல்தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றில் பெரிய கோயில் முதல் மாதா கோயில் வரை செய்கிறார்களே, அதே நெட்டிதான். புவிசார் குறியீடு கூட வாங்கியாயிற்று. சுண்ணாம்பு பூசிய பழைய சுவருக்கு அதைப் போல ஒரு பொருள் நான் பார்த்ததில்லை. மேற்பரப்பில் அச்சு அசலாகக் காரைச் சுவரின் மங்கல் வெண்மை இருக்கும், பிளாஸ்டிக் ஷீட்டில் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது வராது. கூர்மையான மெல்லிய கத்தி வேண்டும், அழுத்தி வெட்டக் கூடாது, இழுத்து இழுத்து வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு பட்டால் நசுங்கும், நசுங்கியது திரும்ப எழாது. தண்ணீரை உறிஞ்சும் என்பதால் வண்ணத்தைக் கெட்டியாக, உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத்தான் வைக்க வேண்டும். நெட்டி வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், நான் பக்கம் பக்கமாக எழுதுவதை விட அது மேல். முடித்ததும் கண்ணாடிப் பெட்டி கட்டாயம், ஈரக்காற்றில் விட்டுவைக்கக் கூடாது.

சுமை தாங்கும் அடிப்பலகைக்கு நெட்டி ஆகாது. ஃப்ளெக்ஸ் போர்டு கடையில் சன்போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் பலகை) கேளுங்கள், துண்டாகவே தருவார்கள். மங்களூர் ஓடு செய்வதென்றால், ஓடு ஒன்று ஏறத்தாழ 410-க்கு 235 மி.மீ. 1:50-இல் 8-க்கு 5 மி.மீ. வருகிறது, தனித்தனியாக வெட்டி ஒட்டலாம், பொறுமை இருந்தால். 1:87-இல் 5 மி.மீ. கூட வராது, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் கண்ணுக்குத் தெரிவது அதை விடக் குறைவு, அட்டையில் கோடு கீறி விட்டுவிடுங்கள். இடிந்த இடத்தில் உடைந்த ஓடு கிடந்தால் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் தானாக உரிந்து நிற்கும் ஒரு சில்லை லென்ஸில் பாருங்கள், பூச்சு அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இருப்பது கடைசியாக அடித்தது, அது உங்கள் வருஷத்து நிறமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுரண்டிப் பெயர்க்க வேண்டாம், விழுந்து கிடப்பதே போதும்.

கேள்வி: எங்கள் பக்கம் அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது. கோடியக்கரை ஸ்டேஷனை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா? நான் செய்யலாமா? (வேதாரண்யம்)

தாராளமாகச் செய்யலாம், சீக்கிரம் செய்ய வேண்டும். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டரும் அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் வண்டி ஓடத் தொடங்கியது நல்ல செய்திதான், ஆனால் அகலப்பாதை வந்த இடங்களில் பழைய மீட்டர்கேஜ் கட்டடங்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. பேரளம்–காரைக்கால் பாதை 1898-இல் திறந்து, எண்பதுகளில் நின்று, இப்போது மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். தரங்கம்பாடிக்கும் ரயில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ரயில் வருவதை வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. வருவதற்குள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடலாம்.

கோடியக்கரை வரை போன பகுதி அகஸ்தியம்பள்ளிக்கு அப்பால். அங்கே 1967-லிருந்து வனவிலங்கு சரணாலயம், அதனால் காட்டுக்குள் இறங்கி அளக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் தொந்தரவு செய்யாமல் கோடையில் போவது நல்லது, பாதை மேடும் அப்போதுதான் காய்ந்து தெளிவாகத் தெரியும்.

அகஸ்தியம்பள்ளியைச் செய்தால் உப்பை மறக்காதீர்கள். 1930-இல் ராஜாஜி வந்து உப்பள்ளிய இடம் என்று தூண் மட்டும் வைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உப்பளத்தில் அம்பாரம் வெள்ளையாக இருப்பது கொஞ்ச காலம்தான், மழைக்கு முன் கீற்று போட்டு மூடிவிடுவார்கள், தூரத்தில் பார்த்தால் வரிசையாகக் குடிசை மாதிரி பழுப்பாக நிற்கும். உங்கள் மாதிரியில் எந்த மாதம் என்று முடிவு செய்துகொண்டு அதன்படி மூடுங்கள் அல்லது திறந்து வையுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடியைச் செய்தால் எல்லோரும் பார்ப்பார்களே, எதற்குத் தரங்கம்பாடி? (பட்டுக்கோட்டை)

பார்ப்பார்கள். அதனால்தான் கஷ்டம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடி ஒரு சாதாரண ஸ்டேஷன் இல்லை. கப்பலுக்கு ஆள் கொண்டுவரும் போட் மெயில் ரயில் வந்து நிற்கும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், நடுவில் சுங்கச் சோதனை, துறைமுக மேடை, கிரேன். அவ்வளவும் செய்தால்தான் தனுஷ்கோடி. இன்று நிற்கும் இடிந்த சுவர்களை மட்டும் செய்து 'தனுஷ்கோடி' என்று எழுதிவைப்பது எனக்கு உடன்பாடில்லை, அந்த இரவில் ஒரு பயணி வண்டியே ஆட்களோடு போன இடம் அது. புயலுக்கு முந்தைய ஒரு பகல் நேரத்தைச் செய்வதாக இருந்தால் செய்யுங்கள், வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதல் முறை செய்பவருக்குக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன்தான் கைக்கு அடங்கும்.

கேள்வி: கடற்கரை மணலை அள்ளி வந்து அப்படியே ஒட்டலாமா? செடிகொடிக்கு என்ன செய்வது? (நாகப்பட்டினம்)

மணலை ஒட்டாதீர்கள். கால் மில்லிமீட்டர் மணல்துகள் 1:87-இல் 2 சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். அதோடு உப்பு வேறு. கழுவாமல் ஒட்டினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தண்டவாளம் துருப்பிடிக்கும், மேலே வெள்ளை பூத்துவிடும். வாய்க்கால் தூர்வாரிப் போட்ட வண்டலை எடுத்து, காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் கிடைக்கும் மாவுதான் நமக்கு மணல். நிறம் கறுப்பாக இருக்கும், வெளிறிய வண்ணத்தைக் கலந்துகொள்ளுங்கள். மணலைத் தண்டவாளத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றி விடுங்கள், கடல்காற்று அடிக்கும் பாதையில் ஜல்லி பாதி மூடித்தான் கிடக்கும்.

செடிக்கு இன்றைய போட்டோவைப் பார்த்துச் செய்யாதீர்கள். இடிந்த ஸ்டேஷனைச் சுற்றி இப்போது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும், வண்டி ஓடிய நாளில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் அதைத் தண்டவாளத்தின் பக்கத்தில் விட்டுவைத்திருக்க மாட்டார். சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கு வரிசைகளும் கொட்டிய பாறைச் சுவரும் உங்கள் 1970-இல் கிடையாது. பனை, தாழை, மணலில் ஓடும் அடம்புக் கொடி, ராவணன் மீசைப் புல், இவை எந்த வருஷத்துக்கும் பொருந்தும். அடம்பின் பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, காலையில் விரிந்திருக்கும். மாலை வண்டியைச் செய்கிறீர்கள் என்றால் பூ வைக்க வேண்டாம், கொடி மட்டும் போதும்.